அஞ்சல் என்று பெயரிட்டால் போதுமா?

‘தபால்’ என்னும் அயற்சொல்லைப் பின்தள்ளி ‘அஞ்சல்’ என்னும் சொல் நாடெங்கும் நிலைபெற்றமை தமிழியக்கத்தார் ஈட்டிய வெற்றிகளுள் ஒன்று. திருவிதாங்கூர், கொச்சி ஆட்சிகளில் மடற்போக்குவரத்துத் துறைக்கே அஞ்சல் என்று பெயர். அத்துறை 1951ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறையோடு இணைந்துவிட்டது. சொல்லோ தமிழ் வழக்கில் வேரூன்றித் தழைத்தது. கணிப்பொறி வழியே மடல் செல்லும் காலம் வந்தபோது புதுச்சொல் தேடித் தமிழர் அலைய நேரவில்லை. ‘மின்’ என்னும் ஓரசையை முன்னே சேர்த்தனர், மின்னஞ்சல் பிறந்தது. இன்று பள்ளிச் சிறுவனும் அச்சொல்லை அறிவான்.

சொல் வென்றது, பொருள் வென்றதா? மின்னஞ்சல் என்று நாவாரச் சொல்லும் தமிழன், அம்மின்னஞ்சலை எழுதவும் விடுக்கவும் பெறவும் அமர்கின்ற கணிப்பொறித் திரையில் எம்மொழியைக் காண்கின்றான்? ‘அனுப்புக’ என்று அங்கு எழுதியிருக்கின்றதா? ‘விடை எழுதுக’ என்று எழுதியிருக்கின்றதா? பெரும்பாலான திரைகளில் ஆங்கிலமே அமர்ந்திருக்கின்றது. வாயில் தமிழ், கையில் ஆங்கிலம்! இந்நிலைக்கு ஆங்கிலேயரைக் குறைகூறிப் பயனில்லை. அவர் நாடு விட்டகன்று முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது.

புதுவை நகரை எடுத்துக்கொள்க. பிரெஞ்சியர் ஆட்சியிலிருந்து 1954 நவம்பர் 1ஆம் நாள் நடைமுறையிலும், 1962 ஆகத்து 16ஆம் நாள் சட்டப்படியும் விடுபட்ட நிலம் அது. 1965ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழை அங்கு ஆட்சிமொழியாக ஏற்றது. ஆங்கிலத்தையும் உடன்வைத்துக்கொள்ள இசைவளித்தது. 2006 அக்டோபர் 1ஆம் நாள் முதல் ‘பாண்டிச்சேரி’ என்னும் திரிபு நீங்கிப் ‘புதுச்சேரி’ என்னும் பெயர் சட்ட வழியாக வந்தது. மகிழத்தக்க செய்தியே. ஆயினும் பெயர்ப்பலகையில் மாறிய மொழி, அலுவலகக் கணிப்பொறியின் உள்ளே மாறிற்றா? ஊரின் பெயர் தமிழாயிற்று. அவ்வூர் மடல் எழுதும் கருவி தமிழாகவில்லை. பெயரளவில் வென்று உள்ளளவில் தோற்கும் இந்நோய்க்கு, மின்னஞ்சல் மென்பொருள் உலகிலேயே தெளிவான எடுத்துக்காட்டொன்று உண்டு.

இரண்டு அஞ்சல்கள்

2009ஆம் ஆண்டில் ‘அஞ்சல்’ என்னும் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் மென்பொருள் வெளிவந்தது. நாவெல் நிறுவனத்தின் பெங்களூர்ப் பணியகத்தில் ‘எவல்யூசன்’ என்னும் மின்னஞ்சல் மென்பொருளைப் பேணி வந்த பொறியாளர் சீனிவாச இராகவன் அதனை உருவாக்கினார். எவல்யூசன் பெரிய திரைக்கென அமைந்த பெருங்கருவி. அந்நாளில் பரவிய சிறு மடிக்கணிப்பொறிகளின் குறுந்திரைக்கு அது பொருந்தவில்லை. ஆகவே அதன் உள்ளுறுப்புகளையே அடித்தளமாகக் கொண்டு, எளிய முகத்தோடு அஞ்சல் எழுப்பப்பட்டது. இன்டெல் நிறுவனம் முன்னின்று வளர்த்த ‘மொப்ளின்’ என்னும் இலினக்சு வழங்கலில் அது இடம்பெற்றது. அயல்நாட்டுப் பொறியாளரெல்லாம் ‘அஞ்சல்’ என்னும் தமிழ்ச்சொல்லைத் தம் நாவில் ஏற்றி வழங்கினர்.

பின்னர் நடந்தது யாது? 2010 பிப்பிரவரியில் மொப்ளின் வேறொரு வழங்கலோடு கலந்து ‘மீகோ’ ஆயிற்று. அஞ்சலின் நற்கூறுகள் எவல்யூசனுக்குள்ளேயே ஒரு முகமாகச் சேர்க்கப்பட்டன; தனிமென்பொருளாக அஞ்சல் தொடரவில்லை. 2011இல் மீகோவும் கைவிடப்பட்டது. உருவாக்கியவர் குறையன்று இது. நிறுவனத்தின் தேவைக்கெனப் பிறந்தது, தேவை மாறியதும் கரைந்தது. நிறுவனம் கைவிட்டால் ஏந்திக்கொள்ளத் தமிழ்கூறு நல்லுலகில் ஒரு குழு இருந்ததா என்பதே வினா. தமிழ்ப்பெயர் தாங்கிய ஒரு மென்பொருள் உலக வழங்கலொன்றில் உலாவந்தபோது, ‘நம் பெயர்’ என்று பெருமிதம் கொள்வதோடு தமிழர் நின்றுவிடலாமா? பெயர் தமிழாயிருப்பதனால் மட்டும் ஒரு மென்பொருளின் பட்டியலிலுள்ள ஒரு சொல்லும் தமிழாகிவிடாது. ஒருநாள் வாழ்வும் கூடிவிடாது.

இதற்கு நேர்மாறாக மற்றோர் ‘அஞ்சல்’ உண்டு. மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் 1990களில் உருவாக்கிய ‘முரசு அஞ்சல்’ அது. கணிப்பொறியில் தமிழ் எழுதவும் தமிழில் மடல் விடுக்கவும் தோன்றிய அக்கருவி, எழுத்துக் குறியீட்டு முறைகள் மாறியபோதெல்லாம் தானும் மாறி, பதிப்பின்மேற் பதிப்பாகப் புதுக்கப்பட்டு வந்தது. இன்று ஆப்பிள் கணிப்பொறிகளிலும் கைப்பேசிகளிலும் தமிழ் விசைமுறைகளுள் ஒன்றன் பெயர் ‘அஞ்சல்’. ஒரே சொல்; இரண்டு கருவிகள். ஒன்று வாழ்கின்றது; ஒன்று மறைந்தது. வேறுபாடு பெயரில் இல்லை, பேணுதலில் இருக்கின்றது.

பொதி என்பது யாது?

பேணுதல் என்பது வெற்றுரையன்று. செயல்முறையுடைய ஒரு தொழில். அதனைத் தமிழன்பர் அறிந்துகொள்ளல் வேண்டும்.

இலினக்சு என்பது கணிப்பொறியை இயக்கும் கருவகம். 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் இலினசு தோர்வால்தசு தொடங்கியது. அதனோடு, 1983இல் இரிச்சர்டு இசுடால்மன் அறிவித்த ‘குனு’ திட்டத்தின் கருவிகளும், பல்லாயிரம் பிற மென்பொருள்களும் சேர்த்து, எவரும் நிறுவிக்கொள்ளத்தக்க வகையில் தொகுத்தளிப்பதே ‘வழங்கல்’ எனப்படும். தெபியன் (1993), அதன் வழிவந்த உபுண்டு (2004) முதலியன அத்தகைய வழங்கல்கள். 2023இல் வெளிவந்த தெபியன் 12ஆம் பதிப்பில் மட்டும் 60,000க்கு மேற்பட்ட பொதிகள் உள்ளன.

மென்பொருளை எழுதியவர் நிரலைத் தருகின்றார். அந்நிரலை அப்படியே மக்கள் கையில் கொடுத்தல் நெல்லைக் கொடுத்து உண்க என்பதனை ஒக்கும். அதனைக் குற்றி, புடைத்து, சோறாக்கித் தருபவர் பொதியாளர். ஒரு மின்னஞ்சல் மென்பொருளைப் பொதியாக்க விழைபவர் செய்ய வேண்டுவன பல. முதலாவது, இதனைப் பொதியாக்கப் போகின்றேன் என்று வழங்கலாரிடம் முன்னறிவித்தல். இருவர் ஒரே வேலையில் இறங்காமல் இருத்தற்கு அது. இரண்டாவது, நிரலின் ஒவ்வொரு கோப்பும் யாருக்குரியது, எவ்வுரிமத்தின்கீழ் வழங்கப்பட்டது என்று ஆய்ந்து உரிமை அறிக்கை எழுதுதல். மூன்றாவது, அம்மென்பொருள் இயங்க வேறு எவ்வெவ் பொதிகள் வேண்டும் என்னும் சார்புப் பட்டியல் அமைத்தல். நான்காவது, நிரலை இயங்குநிலைக்குக் கொணரும் முறைகளை வரைதல். ஐந்தாவது, செய்த மாற்றங்களை நாளிட்டுப் பதிவேட்டில் எழுதுதல். இவையனைத்தும் முடிந்தபின் வழங்கலின் மூத்தோர் ஆய்ந்து ஏற்பர். குறை காணின் திருப்புவர்.

இவற்றுக்கெல்லாம் முடிமணியாக, ஒவ்வொரு பொதியிலும் ‘பேணுநர்’ என ஒருவர் பெயரோ ஒரு குழுவின் பெயரோ முகவரியோடு பொறிக்கப்படும். பிழை நேர்ந்தால் உலகின் எம்மூலையிலிருப்பவரும் அம்முகவரிக்கு எழுதலாம். பேணுநர் விடையிறுத்தல் வேண்டும். பேணுவோர் இன்றிப் போனால் அப்பொதி ‘ஏதிலி’ என அறிவிக்கப்படும். எவரும் ஏற்காவிடின் ஒருநாள் நீக்கப்படும். ஏதிலிப் பொதியென்று ஓர் இனமே அங்குண்டு என்பதனைத் தமிழர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஏடும் பொதியும்

இந்த முறை தமிழர்க்குப் புதிதா? இல்லை. பனையோலையில் எழுதிய நூல் சில தலைமுறைகளுக்குள் செல்லரித்துப் பொடியும். ஆகவே ஏடு மாய்வதற்கு முன் புத்தோலையில் பெயர்த்தெழுதினர் முன்னோர். ஒருவர் எழுதினார், நூறு பேர் பெயர்த்தெழுதினர். பாடியவர் பெயர் நிலைத்தது. பெயர்த்தெழுதியவர் பெயர் பெரும்பாலும் மறைந்தது. எனினும் பின்னவர் இலரேல் முன்னவர் இலர்.

புதுவை மண்ணிலேயே சான்றுண்டு. பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேயின் இருமொழியாளராக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்ததும், மடல் வந்ததும், போர் மூண்டதும், விலை ஏறியதும் அதில் உள்ளன. அயலார் ஆண்ட நகரில், அயல்மொழி அரசோச்சிய கூடத்தின் நடுவே நின்று, அவர் தமிழில் எழுதினார்! ஆயினும் அவர் மறைந்த பின் அக்குறிப்பு பல்லாண்டுகள் வீட்டிற்குள் உறங்கிக் கிடந்தது. 1846இல் கலுவா மோம்பிரோன் என்னும் பிரெஞ்சியர் அதனைக் கண்டெடுத்துப் படியெடுத்தார். அதன் பின்னரே உலகம் அறிந்தது. 1904 முதல் 1928 வரை சென்னை அரசு அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பன்னிரு மடலங்களாக வெளியிட்டது. எழுதியவன் தமிழன், கண்டெடுத்துப் படியெடுத்தவன் அயலான்! இவ்வரலாறு கணிப்பொறிக் காலத்திலும் திரும்ப நிகழ வேண்டுமா?

பொதியும் ஏடு போன்றதே. ஓலையைச் செல் அரிக்கும். மென்பொருளைக் காலம் அரிக்கும். எவ்வாறெனின், மென்பொருளின் திரையில் தோன்றும் ஒவ்வோர் ஆங்கிலத் தொடருக்கும் எதிரே தமிழ்த் தொடர் எழுதிய கோப்பு ஒன்று உண்டு. ஆங்கிலத் தொடரை உருவாக்குநர் சற்றே மாற்றினும், அதற்கு நேரான தமிழ் ஐயத்திற்குரியதென ஒதுக்கப்படும். அவ்விடத்தில் ஆங்கிலமே தோன்றும். புதிய வசதி சேர்ந்தால் புதிய தொடர்கள் சேரும். எனவே இன்று முழுமையாயிருக்கும் தமிழாக்கம் ஈராண்டு கேட்பாரற்றுக் கிடந்தால் பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாய்ச் சிதையும். எவரும் பகைமையால் தமிழை அழிக்கவில்லை. பெயர்த்தெழுதுவார் இன்மையால் ஏடு தானே அழிகின்றது.

ஈழத்தார் தந்த பொதி

இதற்கு நெஞ்சைச் சுடும் சான்றொன்று உண்டு. மொசில்லாவினர் 2004இல் முதற்பதிப்பு வெளியிட்ட ‘தண்டர்பேர்டு’ உலகில் பரவலாக வழங்கும் கட்டற்ற மின்னஞ்சல் மென்பொருள்களுள் தலையாயது. பெயருரிமைப் பிணக்கினால் தெபியன் வழங்கல் 2006 முதல் அதனை ‘ஐசுடவ்’ என வேறுபெயரிட்டு வழங்கி, 2017இல் பழம்பெயருக்கே மீண்டது. பெயர் எதுவாயினும் பேணுநர் இருந்தமையால் பொதி இடையறவின்றித் தொடர்ந்தது என்பதனை இங்குக் கருதுக.

அத் தண்டர்பேர்டிற்குத் தமிழ் மொழிப்பொதி ஒன்று இருந்தது. 2017இல் வெளிவந்த தெபியன் 9ஆம் பதிப்பில் அது இடம்பெற்றிருந்தது. அதன் குறியீட்டை நோக்குக: மொழி தமிழ், நாடு இலங்கை! தமிழ்நாட்டில் ஏழு கோடிக்கு மேற்பட்ட மக்கள். புதுவையில் தமிழே ஆட்சிமொழி. பொறியியற் கல்லூரிகளோ எண்ணி மாளா. இவ்வளவும் இருந்தும் அம்மின்னஞ்சல் மென்பொருளுக்கு இந்நிலத்தின் பெயரில் ஒரு தமிழ்ப்பொதி இல்லை. போரும் புலப்பெயர்வும் குலைத்த இலங்கையின் பெயரே அப்பொதியில் இருந்தது. அதுவும் நிலைக்கவில்லை. 2023இன் தெபியன் 12ஆம் பதிப்பில் அப்பொதி இல்லை. வேறு பல சிறுமொழிகள் அப்பட்டியலில் இன்றும் உள்ளன. பாசுக்கு மொழி உள்ளது, பிரெத்தோன் மொழி உள்ளது, வேல்சு மொழி உள்ளது. சில நூறாயிரவர் பேசும் மொழிகள் நிற்க, பல கோடியர் பேசும் தமிழ் வெளியேறியது.

பிரெத்தோன் மொழிக்குப் பிரெஞ்சு நாட்டில் ஆட்சியுரிமை இல்லை. தமிழுக்குப் புதுவையில் ஆட்சியுரிமை உண்டு. உரிமை அற்றவர் பேணிக்கொண்டனர். உரிமை உற்றவர் இழந்தனர். இதற்கு எந்த அரசைக் குறைகூறுவது? எந்த வடவரைச் சாடுவது?

பிரெஞ்சியரிடம் கற்க

புதுவையில் பிரெஞ்சியர் விட்டுச்சென்றனவாக மஞ்சள் நிறச் சுவர்களையும் தெருப்பெயர்களையும் சுற்றுலாவினர் படமெடுத்துச் செல்கின்றனர். அவர்களிடம் கற்கத்தக்கது சுவரின் நிறமன்று. தம்மொழிக்கும் தம்நாட்டிற்கும் அவர்கள் காட்டும் விழிப்பே.

மின்னஞ்சலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை விலக்கி, ‘கூரியேல்’ என்னும் தம்மொழிச் சொல்லை 2003 சூன் 20ஆம் நாள் பிரெஞ்சு அரசு தன் அரசிதழில் வெளியிட்டது. அதனோடு நின்றார்களா? பிரெஞ்சு நாட்டுக் காவற்படை 2005 முதல் கட்டற்ற மென்பொருளுக்கு மாறத் தொடங்கியது. தண்டர்பேர்டை மடற்கருவியாகக் கொண்டது. 2008 முதல் உபுண்டு வழங்கலைத் தன் தேவைக்கேற்ப அமைத்துக்கொண்டது. பத்தாண்டிற்குள் 70,000 அளவிலான கணிப்பொறிகள் அவ்வழியில் இயங்கின. அந்நாட்டுப் படைத்துறை அதனினும் மேலே சென்றது. விடுத்த மடல் உரியவர்க்குச் சென்று சேர்ந்ததா என்று உறுதிப்படுத்தும் வசதி படைக்கு இன்றியமையாதது. அதனைத் தாமே எழுதித் தண்டர்பேர்டோடு சேர்த்தனர். அவ்வாறு எழுதிய நிரலின் பகுதிகள் 2009 திசம்பரில் வெளிவந்த தண்டர்பேர்டு மூன்றாம் பதிப்பில் உலகோர் அனைவர்க்கும் கிடைத்தன.

சொல்லைப் படைத்தனர், பொருளையும் கைக்கொண்டனர். தமிழர் சொல்லைப் படைத்தனர். பொருளைப் பிறர் கையில் விட்டனர்.

அண்டை வீட்டாரின் கொடை

தொலைவிலுள்ள பிரெஞ்சியர் செல்வர், வலியர் என்பாருளராயின் அண்டை வீட்டை நோக்குக. புதுவை ஆட்சிப்பகுதியின் ஓருறுப்பாகிய மாகேயில் மலையாளம் ஆட்சிமொழி. அம்மலையாள மொழியினர் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கட்டற்ற மலையாளக் கணிமைக்கென ஒரு தன்னார்வக் குழு அமைத்தனர். எழுத்துரு வரைந்தனர், தமிழாக்கம் போல மலையாள ஆக்கம் செய்தனர், அவற்றைப் பொதிகளாக்கித் தெபியனில் சேர்த்தனர், இன்றும் பேணுகின்றனர். 2023 செபுதம்பரில் தெபியன் இயக்கத்தின் உலக மாநாடு கொச்சியில் நடைபெற்றதும் அவ்வுழைப்பின் விளைவே.

அக்குழுவினர் மலையாளத்திற்கு மட்டும் எழுத்துரு வரையவில்லை. தமிழுக்கும் ஒன்று வரைந்தளித்தனர். அதன் பெயர் ‘மீரா இனிமை’. தெபியனில் பொதியாகவும் அது கிடைக்கின்றது. இனிமை என்னும் தூய தமிழ்ச்சொல்லைத் தாங்கிய எழுத்துருவை மலையாளியர் வரைந்து தமிழர்க்கு ஈந்தனர். நன்றி கூறுவது பண்பு. நாணுவது அதனினும் பண்பு.

மறுப்பும் விடையும்

“கூகுள் நிறுவனத்தின் மின்னஞ்சல் தமிழ் முகத்தோடு விலையின்றிக் கிடைக்கின்றதே, தனிப்பொதி எதற்கு?” என்பர் சிலர். பிறன் வீட்டுத் திண்ணையில் பாய் விரித்துப் படுத்தவன் ‘வீடு உண்டு’ என்று கூறுவதனை ஒக்கும் இது. திண்ணைக்கு உரியவன் எழுப்பினால் எழுதல் வேண்டும். அதே நிறுவனம் ‘இன்பாக்சு’ என்னும் மின்னஞ்சற் கருவியொன்றை மக்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே 2019இல் மூடியது. எவரிடம் கேட்டது? கட்டற்ற மென்பொருளை உருவாக்கியவர் கைவிட்டாலும் நிரல் கையில் இருக்கும், துணிவுள்ளவர் தொடரலாம். மூடிய கருவியில் அவ்வுரிமை இல்லை. விலையின்மை வேறு, விடுதலை வேறு.

“முதலில் கலைச்சொற்கள் முடிவாகட்டும்; பின்னர்ப் பார்ப்போம்” என்பர் வேறு சிலர். இவரே தமிழியக்கத்திற்கு அணுக்கமானவர். ஆதலின் இவர்க்கே விடை கடுமையாக இறுத்தல் வேண்டும். கணினியா, கணிப்பொறியா, கணியமா என்று சொற்போரிட்டுக் கழிந்த ஆண்டுகள் எத்தனை! சொல்லாய்வு வேண்டற்பாலதே. ஆனால் நெல் விதைக்கும் பருவத்தில் ஏருக்குப் பெயர் தேடிக்கொண்டிருப்பவன் அறுவடைக் காலத்தில் எதனை அறுப்பான்? சொல் ஆட்சியில் வந்தால்தான் நிலைக்கும். ‘விடுக்க’ என்பதா ‘அனுப்புக’ என்பதா என்பதனை அகரமுதலியில் எழுதி முடிவுகாண இயலாது. பல்லாயிரவர் நாள்தோறும் அழுத்தும் திரைப்பொத்தானில் எழுதினால் பத்தே திங்களில் முடிவு தெரியும். அகரமுதலியில் உறங்கும் சொல் ஏட்டுச்சுரைக்காய். பொதியில் ஏறிய சொல் கொடியில் காய்த்த காய்.

“இது பொறியாளர் வேலை, புலவர்க்கு இதில் என்ன?” என்பர் மூன்றாமவர். பொறியாளன் தமிழ்த்தொடரை எழுதத் தொடங்கினால் ஒற்று மிகும் இடம் அறியாது மயங்குகின்றான். ஆங்கிலத் தொடரை அப்படியே பெயர்த்துப் பொருள் விளங்காத் தொடராக்குகின்றான். புலவனோ பொதியின் முறை அறியான். இருவரும் தனித்தனியே நின்றால் இருவர் வேலையும் குறை. மொழியாக்கக் கோப்பு ஒன்றைத் திறந்து, இடப்பக்கத்து ஆங்கிலத் தொடருக்கு வலப்பக்கத்தில் தமிழ் எழுதுவதற்கு நிரலறிவு வேண்டியதில்லை. தமிழறிவும் பொறுமையும் போதும். ஒரு வகுப்பு மாணவர் கட்டுரைகளைத் திருத்தும் உழைப்பிற்கு அது மேற்பட்டதன்று.

செய்யத்தக்கன

வழி இல்லாமல் இல்லை. 2014 செபுதம்பரில் பதின்மூன்றாம் தமிழ் இணைய மாநாடு புதுவைப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்றது. 2023 சனவரியில், புதுவையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள விழுப்புரத்தில் தெபியன் ஆர்வலர் மாநாடு கூடியது. சிற்றூர்ப் பின்னணி கொண்ட மாணவரும் அங்குத் திரண்டனர். 1985இல் பொறியியற் கல்லூரியாகத் தொடங்கிய நிறுவனம் 2020 முதல் புதுச்சேரித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக உயர்ந்து நிற்கின்றது. மொழியியலுக்கும் புதுவையில் தனி ஆய்வு நிறுவனம் உண்டு. ஆள் உண்டு, அறிவு உண்டு, களம் உண்டு. இணைப்பே இல்லை.

ஆகவே வேண்டுவன மூன்று. முதலாவது, தமிழ் மன்றங்கள் ஒவ்வொன்றும் ஒரே ஒரு பொதியை ஏற்றுக்கொள்ளட்டும். நூறு பொதிகளைத் தொட்டு விடுவதனினும் ஒன்றைப் பத்தாண்டு பேணுவது மேல். மின்னஞ்சல் மென்பொருளே அதற்கு ஏற்றது. மாந்தன் மாந்தனுக்கு எழுதும் கருவியில் தாய்மொழி இல்லாவிடின் வேறெங்கு இருந்தென்ன? எவல்யூசனுக்கு முன்னமே தமிழ்க்கோப்பு உண்டு, அதனைப் புதுக்கலாம். தண்டர்பேர்டில் இழந்த இடத்தை மீட்கலாம். ஈழத்தார் முன்னர் எழுதிய தொடர்கள் அடித்தளமாக உதவும்.

இரண்டாவது, தமிழ் படிக்கும் மாணவனும் கணிப்பொறியியல் படிக்கும் மாணவனும் ஒரே மேசையில் அமரட்டும். கல்லூரிகள் இதனைப் பயிற்சிப் பணியாக ஏற்று மதிப்பெண் அளிக்கட்டும். ஓராண்டு மாணவர் தம் படிப்பு முடிந்து செல்லும்போது அடுத்த ஆண்டு மாணவரிடம் பொதியை ஒப்படைத்துச் செல்லும் முறை வரட்டும். ஏடு பெயர்த்தெழுதிய மரபு அவ்வாறுதானே தலைமுறை கடந்தது!

மூன்றாவது, அலுவலகக் கணிப்பொறிகளில் மடற்கருவி தமிழ்முகத்தோடு இருத்தல் வேண்டும் எனப் புதுவை அரசு விதி செய்யட்டும். 1965ஆம் ஆண்டின் சட்டம் தமிழுக்குத் தந்த இடம் தாளோடு முடிந்துவிடவில்லை. திரைக்கும் அது உரியதே. ஆனால் ஒன்று: அரசை நோக்கி இவ்வாறு கேட்பதற்கு முன், கொடுப்பதற்குத் தமிழ்ப்பொதி கையில் இருத்தல் வேண்டும். ‘தமிழில் தருக’ என்று முழங்குவோரை நோக்கி ‘தருகின்றோம், எங்கே பொதி?’ என்று அலுவலர் திருப்பிக் கேட்டால் விடை என்ன?

தமிழர்களே! தபாலை அஞ்சலாக்கினீர், பாண்டிச்சேரியைப் புதுச்சேரியாக்கினீர், நன்று செய்தீர். பெயரிடுதல் ஒருநாட் பணி. பேணுதல் வாழ்நாட் பணி. உலக வழங்கல்களின் பொதிகளில் பேணுநர் என்று பெயர் பொறிக்கும் இடம் திறந்தே கிடக்கின்றது. அதற்குப் பணம் வேண்டியதில்லை. எவர் இசைவும் வேண்டியதில்லை. ஆண்டுகள் பலவாக ஆளின்றிக் கிடக்கும் அவ்விடத்தில் ஒரு தமிழ்மன்றத்தின் பெயர் இவ்வாண்டிலேயே ஏறட்டும்!